பேராதனையில் பூக்களுக்குப் பதிவேடு எழுதிய டொக்டர் டிரைமன்



நோர்வூட் சந்தியிலிருந்து பொகவந்தலாவைக்கோ மஸ்கெலியாவுக்கோ பயணம் செய்வோர் கண்ணுக்கு முதலில் தென்படுவது தேயிலை. அடுத்துத் தென்படுவதும் தேயிலையே. அண்ணாந்து மலை முகட்டைப் பார்த்தால் மட்டும், கவ்வாத்துக் கத்தி படாத கறுத்த காடு ஒரு தொப்பி போலக் கவிழ்ந்து கிடக்கும். தேயிலைக்கு முன் இந்தச் சரிவுகளில் கோப்பி இருந்தது என்பதைத் தாத்தாமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். கோப்பிக்கு முன் என்ன இருந்தது? முகட்டில் இன்று ஒதுங்கி நிற்கும் அந்தக் காடுதான் சந்தி வரை, ஆற்றங்கரை வரை இறங்கி நின்றது. அதில் நின்ற மரங்கள் எவை, படர்ந்த கொடிகள் எவை, எந்த மாதத்தில் எது பூத்தது என்று எவராவது எழுதி வைத்தார்களா?

எழுதி வைத்தார்கள். எழுதியவர்களுள் முதன்மையானவரின் வரலாற்றையே இவ்வாரம் உங்கள் முன் வைக்கிறோம். அவர் பெயர் டொக்டர் ஹென்றி டிரைமன்.

அவரிடம் போகுமுன், ஒரு செடிக்குப் பெயர் வழங்குவது எத்தகைய காரியம் என்பதற்கு நமது தேயிலையையே எடுத்துக்கொள்வோம். தேயிலைச் செடியைத் தாவரவியலார் கமீலியா என்னும் பேரினத்துள் அடக்குவர். இந்தக் கமீலியா என்பது ஒரு துறவியின் பெயர் என்பதை நம்மவர் பலர் அறியார். 1661-இல் மொறாவியா நாட்டில் பிறந்து, யேசு சபைச் சகோதரராகிப் பிலிப்பைன்ஸ் தீவுகளுக்குச் சென்று, மணிலாவில் மருந்துச் சாலை நடத்திய கேமல் என்பவரே அவர். லூசோன் தீவின் செடிகளை வரைந்தும் விவரித்தும் ஐரோப்பாவுக்கு அனுப்பினார். சென்னைக் கோட்டையிலிருந்த ஆங்கில வைத்தியர் ஒருவருடனும் கடிதத் தொடர்பு வைத்திருந்தார். 1706-இல் மணிலாவிலேயே மறைந்தார். பின்னாளில் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயஸ் அவரை நினைந்து கமீலியா என்ற பெயரைச் சூட்டினார். தேயிலைக்காக அச்சகோதரர் ஏதும் செய்தவர் அல்லர். ஒரு நாட்டின் செடிகளைப் பொறுமையோடு இனங்கண்டு எழுதியதற்காகக் கிடைத்த மரியாதை அது. காலையில் நாம் அருந்தும் ஒவ்வொரு கோப்பைத் தேநீருக்குள்ளும் அந்தச் சகோதரர் பெயர் இருக்கிறது!

டிரைமன் துறவி அல்லர், வைத்தியர். இலண்டன் மாநகரில் 1843-ஆம் ஆண்டு ஒக்டோபர் 26-ஆந் திகதி பிறந்தார். அண்ணன் றோலண்ட் தென்னாபிரிக்காவில் வண்ணத்துப்பூச்சிகளை ஆராய்ந்து பேர் பெற்றார். தம்பிக்குச் சிறு வயது முதலே செடிகள் மீது தீராத நாட்டம். வைத்தியம் கற்று 1865-இல் பட்டம் பெற்றார். இலண்டனில் வாந்திபேதி பரவிய வேளையில் வைத்திய அதிகாரியாகவும் பணிபுரிந்தார். ஆயினும் அவர் மனம் ஆஸ்பத்திரியில் நிலைக்கவில்லை. 1866-இல் குளத்து நீரில் மிதந்த பச்சைக் குருணை போன்ற ஒன்றைக் கண்டெடுத்தார். வேர் இல்லை, இலை இல்லை, கடுகைவிடச் சிறிது. பார்ப்பவர் பாசி என்று ஒதுக்கிவிடுவர். அது வொல்ஃபியா என்னும் பூக்குந் தாவரம். பூக்குந் தாவரங்களுள் யாவற்றிலும் சிறிய வகையைச் சேர்ந்தது. பிரித்தானியாவில் அதற்கு முன் எவரும் அதைக் கண்டு சொன்னதில்லை. மற்றவர் காணாததைக் காணும் கண் அவருக்கு அன்றே வாய்த்திருந்தது.

1869-இல் பிரித்தானிய நூதனசாலையின் தாவரவியற் பகுதியில் சேர்ந்தார். அதே ஆண்டில், இலண்டனைச் சூழ்ந்த மிடில்செக்ஸ் பிரதேசத்தின் தாவரங்களைப் பற்றி நண்பர் ஒருவருடன் சேர்ந்து நூலொன்றை வெளியிட்டார். தாவரவியல் ஏடொன்றின் ஆசிரியராகவும் சில ஆண்டுகள் இருந்தார். (பத்திரிகை ஆசிரியர் பணியின் பாரம் என்னவென்று நமக்குத் தெரியும், அதைச் செய்துகொண்டே ஆராய்ச்சியும் செய்தவரைக் கண்டால் வியப்புத்தான் மேலிடுகிறது.) பென்ட்லி என்னும் பேராசிரியரோடு சேர்ந்து, மருந்துச் செடிகளைப் பற்றி வண்ணப் படங்களுடன் நான்கு பாகங்கள் கொண்ட பெருநூலையும் முடித்தார். அதன் இறுதிப் பாகம் வெளிவந்த 1880-ஆம் ஆண்டிலே, பேராதனை அரசினர் பூந்தோட்டத்தின் பணிப்பாளராக இலங்கைக்கு வந்து சேர்ந்தார். வயது 36.

அவருக்கு முன்பே இங்கு பலர் உழுதிருந்தனர். ஒல்லாந்தர் காலத்தில் கொழும்பிலிருந்த வைத்தியர் பவுல் ஹெர்மன் 1670-களில் சுற்றுப்புறத்துச் செடிகளைப் பறித்து, உலர்த்தி, தாளில் ஒட்டிக்கொண்டு போனார். 1821-இல் பேராதனையில் பூந்தோட்டம் அமைத்த மூன் என்பவர், 1824-இல் சிங்களப் பெயர்களோடு ஒரு பட்டியல் அச்சிட்டு, மறு ஆண்டே இறந்தார். பிரேசில் நாட்டுக் காடுகளையெல்லாம் சுற்றித் திரிந்து பிழைத்து வந்த கார்ட்னர், 1844-இல் பேராதனைக்கு வந்து இலங்கைத் தாவர நூல் எழுதும் எண்ணத்தில் இருந்தபோது, 1849 மார்ச்சில் நுவரெலியாவில் திடீரென மரணமானார். அடுத்து வந்த துவைட்ஸ் முப்பது ஆண்டுகள் இருந்தார். நாலாயிரம் எண்களுக்குக் குறையாத உலர் செடித் தொகுப்புகளை உலகெங்கும் அனுப்பினார்; 1858 முதல் 1864 வரை ஒரு பெரும் அட்டவணையையும் வெளியிட்டார். ஆனால் அது இலத்தீன் மொழியில் அமைந்தது. குருமடத்தில் இலத்தீன் படித்த நம் போன்றோரே அதைத் திறந்தால் அகராதி தேட வேண்டும். காட்டில் ஒரு பூவைப் பறித்து வந்து இது என்னவென்று பார்க்க விரும்பும் சாதாரண மனிதனுக்கு அது பயன்படாது. அந்த மனிதனுக்காக ஒரு நூல் எழுத வேண்டும் என்பதே டிரைமன் தமக்கு விதித்துக்கொண்ட வேலை.

வந்த வேளையோ நல்ல வேளை அன்று. 1869-இல் மடுல்சீமைப் பக்கத்தில் கோப்பி இலையின் அடியில் செம்மஞ்சள் பொடி போன்று தோன்றிய பூஞ்சண நோய், பத்தே ஆண்டுகளில் மலைநாட்டையே உலுக்கிவிட்டது. துரைமார் பலர் நொடித்துப் போயினர். கூலி கிடைக்காமலும் வேலை கிடைக்காமலும் நம் முன்னோர் பட்ட பாடு தனிக் கதை. கோப்பிக்குப் பதிலாகச் சிங்கோனா மரத்தை நட்டார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டையை உரித்து விற்றதால் விலை சரிந்தது. லூல்கந்துரத் தோட்டத்தில் 1867-இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தொடங்கிய தேயிலைதான் கடைசியில் கை கொடுத்தது. 1900-ஆம் ஆண்டளவில் அது மூன்றரை லட்சம் ஏக்கரைத் தாண்டியது.

இந்தக் குழப்பத்தின் நடுவில் பேராதனைப் பணிப்பாளர் மீது எல்லோரும் வைத்த எதிர்பார்ப்பு ஒன்றே: எந்தப் பயிரை நட்டால் பணம் வரும்? டிரைமன் அதற்கும் குறை வைக்கவில்லை. கொக்கோ, ஏலம், சிங்கோனா பற்றியெல்லாம் ஆண்டறிக்கைகள் எழுதினார். 1876-இல் இலண்டனிலிருந்து வந்து ஹெனரத்கொடையில் நடப்பட்டிருந்த றப்பர் மரங்களைப் பேணி, அவற்றில் பால் எடுத்துப் பரிசோதித்தார். தோட்டக்காரர் அதை அப்போது பெரிதாக மதிக்கவில்லை. அனுராதபுரத்திலும் பதுளையிலும் கிளைத் தோட்டங்களைத் திறந்தார். இவ்வளவும் சம்பளத்துக்குரிய வேலை. நூல் வேலை மிச்ச நேரத்தில். ஒரு புறம் காட்டை வெட்டிப் பயிரிடுவோருக்கு ஆலோசனை சொல்லும் உத்தியோகம். மறு புறம் வெட்டப்படுமுன் அந்தக் காட்டில் உள்ளவற்றை எழுதி வைத்துவிட வேண்டும் என்ற அவசரம். இரண்டையும் ஒரே கையால் செய்ய நேர்ந்தது அவர் வாழ்வின் விசித்திரம் என்றே நாம் கருதுகிறோம்.

ஒரு செடியை இனங்காண்பது எப்படி? பிள்ளைகளும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் சற்று விரித்துச் சொல்கிறோம். இலையைப் பார்த்துச் செடியைச் சொல்லலாம் என்று நாம் எண்ணுகிறோம். இலை ஏமாற்றும். நிழலில் ஒரு விதம், வெயிலில் ஒரு விதம், கன்றில் ஒரு விதம், முதிர்ந்த மரத்தில் வேறு விதம். ஏமாற்றாதது பூவே. புல்லிகள் எத்தனை, அல்லிகள் எத்தனை, அவை பிரிந்தவையா ஒட்டியவையா, கேசரங்கள் எங்கே தொற்றி நிற்கின்றன, சூலகத்துக்குள் எத்தனை அறைகள் என்று ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். முதலில் குடும்பம் தெரியும், பின் பேரினம், கடைசியில் இனம். பூவோடும் காயோடும் கிளையை ஒடித்துத் தாள்களுக்கிடையே வைத்து அழுத்தி, நாள்தோறும் தாள் மாற்றி உலர்த்த வேண்டும். பறித்த இடம், நாள், மலையின் உயரம், பூவின் நிறம் யாவும் உடனே குறிக்கப்பட வேண்டும். உலர்ந்தபின் நிறம் போய்விடும். தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் எங்கள் பகுதியில் துவைத்த துணியே ஒரு கிழமை காயாது. அந்த ஈரத்தில் நூற்றுக்கணக்கான பூக்களைப் பூஞ்சணம் பிடிக்காமல், பூச்சி அரிக்காமல் உலர்த்திக் காப்பது எவ்வளவு பாடு என்பதை மலைநாட்டாருக்கு விளக்க வேண்டியதில்லை.

கொழுந்து பறிப்பதை நிறுத்திவிட்டு வளரவிட்ட தேயிலையின் பூவைக் கண்டிருப்பீர்கள். வெள்ளை இதழ்கள், நடுவில் மஞ்சளாகத் திரண்ட எண்ணற்ற கேசரங்கள். உயரமான காடுகளில் கோர்டோனியா என்னும் மரம் நிற்கிறது. மரமாக ஓங்கி நிற்பதால் யாரும் அதைத் தேயிலையோடு சேர்த்து எண்ணமாட்டார்கள். பூத்த கிளையொன்றைத் தாழ்த்திப் பாருங்கள்: அதே வெள்ளை, அதே மஞ்சள் திரள். தேயிலை சீனத்திலும் அசாமிலுமிருந்து வந்த விருந்தாளி. கோர்டோனியா இந்த மண்ணிலேயே பிறந்த அதன் உறவினர். இரண்டும் ஒரே குடும்பம் என்று சொன்னது பூவேயன்றி வேறில்லை.

இன்னொன்றும் உண்டு. ஹோட்டன் சமவெளிப் பக்கம் நெலு எனப்படும் செடிகள் காட்டின் அடியில் அடர்ந்து நிற்கும். நீலகிரியில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து மலையையே நீலமாக்கும் குறிஞ்சியின் இனத்தவை இவை. இலங்கை நெலுவிலும் பல இப்படியே பல்லாண்டுகள் பூவாமல் நின்று, ஒரே பருவத்தில் கூட்டமாய்ப் பூத்து, காய்த்து, மடிந்துவிடுகின்றன. பூவைக் கொண்டே இனங்காண வேண்டிய தாவரவியலார் என்ன செய்வார்? காத்திருப்பார். டிரைமன் இலங்கையில் இருந்தது மொத்தம் பதினாறு ஆண்டுகள். பன்னிரண்டு ஆண்டு நோன்பிருக்கும் ஒரு செடியின் பூவை ஒரு முறை தவறவிட்டால், மறுமுறை கிடைப்பதற்குள் ஊழியமே முடிந்துவிடும். முன்னோர் உலர்த்தி வைத்த தாள்கள் அங்கேதான் உதவின.

முன்னோர் தாள்கள் என்றதும் ஹெர்மனின் தொகுப்பு நினைவுக்கு வருகிறது. ஹெர்மன் ஒல்லாந்துக்குத் திரும்பி லெய்டன் நகரில் பேராசிரியராகி 1695-இல் இறந்தபின், அவரது இலங்கைச் செடிகள் எங்கே போயின என்றே தெரியாமற் போயிற்று. அரை நூற்றாண்டுக்குப் பின் அவை டென்மார்க்கில் ஒரு மருந்து வணிகரிடம் அகப்பட்டன. அவர் அவற்றை லின்னேயஸுக்குக் கொடுத்துதவ, இலங்கையைக் கண்ணாலும் காணாத லின்னேயஸ் அந்த உலர்ந்த செடிகளைக் கொண்டே 1747-இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். பின்பு அத்தொகுப்பு கை மாறிக் கை மாறி இலண்டன் நூதனசாலையை அடைந்தது. அதே நூதனசாலையில் பத்தாண்டுகள் பணியாற்றியவர் டிரைமன். அந்தப் பழுத்த தாள்களில் இருப்பவை இன்ன செடிகள் என்று ஒவ்வொன்றாக ஒப்பிட்டு 1887-இல் வெளியிட்டார். லின்னேயஸ் ஒரு பெயரைச் சொன்னபோது எந்தச் செடியை மனதிற் கொண்டார் என்ற ஐயங்கள் பல அதனால் தீர்ந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு முன் கொழும்பில் பறித்த பூவை, பேராதனைத் தோட்டத்தில் அன்று காலை மலர்ந்த பூவோடு பொருத்திப் பார்க்கும் வேலை அது.

இலண்டன் றோயல் சங்கம் 1888-இல் அவரை உறுப்பினராக ஏற்றது. அதற்கு முன்பே, பசிபிக் தீவுகளில் வளரும் ஒரு பேரினத்துக்கு டிரைமேனியா என்று அவர் பெயர் இடப்பட்டிருந்தது. இலங்கைச் செடிகளுக்காக உழைத்தவரின் பெயர் இலங்கையில் வளராத ஒரு செடிக்குப் போனது வேடிக்கைதான்.

அவர் தீவின் எல்லாத் திசைகளிலும் பயணம் செய்தார். அனுராதபுர மாவட்டத்தின் வறண்ட சமவெளியில் தனித்து எழும் ரிட்டிகல மலை மீதேறி, ஈரவலயத்துக்குரிய செடிகள் அந்த உச்சியில் தனித்து வாழ்வதைக் கண்டு எழுதினார். மழையும் உயரமும் சேர்ந்தே தீவின் தாவரங்களைப் பங்கிடுகின்றன என்பது அவருக்குத் தெளிவாயிற்று. இலங்கைக்கே உரியவையாய் வேறெங்கும் காணப்படாத செடிகளிற் பெரும்பாலானவை தென்மேற்குத் தாழ்நிலத்திலும் மத்திய மலைகளிலுமே ஒதுங்கியிருந்தன. கோப்பியும் தேயிலையும் கேட்ட நிலமும் அதுவே.

நூலின் முதற் பாகம் 1893-இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம் 1894-இல். மூன்றாம் பாகம் 1895-இல். இலங்கைத் தாவரங்களின் கைந்நூல் என்று பொருள்படும் எளிய தலைப்பு. மொழி ஆங்கிலம். ஒவ்வோர் இனத்துக்கும் விவரிப்பு, வளரும் இடம், உயரம், பூக்கும் மாதம், பூவின் நிறம், மரத்தின் பயன், பிற நாடுகளில் உண்டா இல்லையா என்பன வரிசையாக வரும். சிங்களப் பெயரும் தமிழ்ப் பெயரும் தெரிந்தவிடத்து அவையும் இடம்பெறும். நூலோடு 100 வண்ணப் படங்களும் வெளிவந்தன. அவற்றை வரைந்தவர் பேராதனையில் பரம்பரையாகச் செடி வரைந்த டி அல்விஸ் குடும்பத்தினர். தந்தை ஹர்மானிஸ் 1823 முதல் முப்பத்தெட்டு ஆண்டுகள் பூந்தோட்டத்துச் சித்திரக்காரராக இருந்தவர். மகன் வில்லியம் வரைந்தவையே டிரைமன் நூலில் பெரும்பான்மை. அந்நாளில் இத்தகைய நூல்களில் உள்ளூர்ச் சித்திரக்காரரை யார் நினைத்தார்கள்? ஆனால் கேசரம் ஒன்று பிசகினாலும் படம் பயனற்றுப் போகும். அந்தக் கைகள் பிசகவில்லை.

தமிழ்ப் பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பாலை, முதிரை, கருங்காலி, வேம்பு, இலுப்பை என்று வடக்கிலும் கிழக்கிலும் வன்னியிலும் வழங்கும் பெயர்கள் நூலில் நிறையவே உண்டு. அம்மரங்களோடு தமிழர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தவர்கள். மலைநாட்டு மரங்களுக்கு வரும்போது தமிழ்ப் பெயர் அருகிவிடுகிறது. காரணம் தெளிவு. டிரைமன் எழுதிய காலத்தில் தோட்டத் தமிழர் இம்மலைகளுக்கு வந்து இரண்டு தலைமுறை ஆகியிருக்கலாம். அவர்கள் கையில் காட்டை அழிக்கும் கோடரி கொடுக்கப்பட்டது. மரத்துக்குப் பெயர் வைத்துப் பழகுமுன் மரம் விழுந்துவிட்டது. இது அவர்கள் குற்றம் அன்று.

இனி, மிகவும் துயரமான பகுதி. நூல் வளர வளர ஆசிரியரின் உடல் தளர்ந்தது. முதலில் காது போயிற்று. சிறிது சிறிதாக முற்றும் செவிடானார். பின்பு கால்கள் உணர்விழந்தன. மலையேறிச் செடி தேடியவர் நாற்காலியோடு கட்டுண்டார். மணமாகாதவர், வீட்டில் ஆதரவாக மனைவி மக்கள் இல்லை. ஊருக்குத் திரும்பிப் போய் ஓய்ந்திருக்கலாம். உலர்ந்த செடிகள் பேராதனையில் இருந்தன. அவரும் அங்கேயே இருந்தார். காட்டின் ஒலி கேளாமல், காட்டுக்குப் போகவும் இயலாமல், தாளில் ஒட்டிய செடிகளைப் பார்த்துப் பார்த்து மூன்றாம் பாகத்தை முடித்தார். 1896-இல் உத்தியோகத்தை வில்லிஸ் என்பவரிடம் ஒப்படைத்தார். அவ்வாண்டு ஒக்டோபர் 16-ஆந் திகதி உயிர் பிரிந்தது. ஐம்பத்து மூன்று வயது நிறைவதற்குப் பத்து நாட்கள் இருந்தன.

நூல் பாதியில் நின்றது. ஆமணக்கு, பலா, ஆல், தென்னை, ஓர்க்கிட் வகைகள், கோரைகள், புற்கள் இவை யாவும் எஞ்சியிருந்தன. கார்ட்னரின் கனவைப்போல் இதுவும் கலைந்துவிடுமோ என்ற நிலையில், பொறுப்பை ஏற்றவர் சேர் ஜோசப் ஹூக்கர். கியூ தாவரத் தோட்டத்தை நீண்ட காலம் ஆண்டவர், இந்தியத் தாவரங்களைப் பற்றி ஏழு பாகங்களில் எழுதி முடித்தவர், எண்பது வயதைத் தொட்டவர். டிரைமன் விட்டுச் சென்ற குறிப்புகளை எடுத்துக்கொண்டு நான்காம் பாகத்தை 1898-இலும் ஐந்தாம் பாகத்தை 1900-இலும் வெளியிட்டார். புற்களைப் பற்றிய கடைசிப் பாகம் வந்தபோது அவருக்கு வயது 83.

இந்த ஹூக்கருக்கும் நோர்வூட் முகட்டுக் காட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. 5,000 அடிக்கு மேலுள்ள மலைக்காடுகளை வெட்டாமல் விடவேண்டும் என்று 1873-இல் அரசாங்கத்துக்கு ஆலோசனை கூறியவர் அவரே. ஆறுகள் பிறக்கும் இடம் அது என்பது முக்கிய காரணம். சிவனொளிபாத மலையைச் சுற்றியும் ஹோட்டன் சமவெளியிலும் இன்று காடு எஞ்சியிருப்பதற்கு அந்த எல்லைக்கோடு பெரிதும் காரணம். கோட்டுக்குக் கீழே இருந்ததைத் தேயிலை எடுத்துக்கொண்டது.

டிரைமன் ஒவ்வோர் இனத்துக்கும் பக்கத்தில் ஒரு சிறு சொல் எழுதியிருந்தார்: மிகச் சாதாரணம், சாதாரணம், ஓரளவு சாதாரணம், ஓரளவு அரிது, அரிது, மிக அரிது. ஆறு படிகள். பார்த்தால் அற்பமான குறிப்பு. அவருக்குப் பின் வந்த வில்லிஸ் அவற்றையெல்லாம் உட்கார்ந்து எண்ணினார். நூலிலுள்ள பூக்குந் தாவரங்கள் 2,809. அவற்றில் இலங்கைக்கே உரியவை 809. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் உள்ளவை 492. அதற்கப்பாலும் பரந்தவை 1,508. பரந்த நாடுகளில் வாழ்பவை இங்கும் சாதாரணமாக இருந்தன. நமக்கே உரியவை பெரும்பாலும் அரிதாக இருந்தன. இதிலிருந்து, ஓர் இனம் பரந்திருக்கும் அளவு அதன் வயதைக் காட்டும் என்ற கொள்கையை வகுத்து 1922-இல் வில்லிஸ் நூல் எழுதினார். உலகெங்கும் வாதம் கிளம்பியது. கொள்கை பின்னர் பெரும்பாலோரால் ஏற்கப்படவில்லை. எண்ணிக்கை மட்டும் நிலைத்தது. வேறெங்கும் இல்லாதவை இங்கும் அரிதாகவே உள்ளன என்றால், ஒரு மலைச் சரிவை வெட்டும்போது உலகிலிருந்தே ஓர் இனம் போய்விடக்கூடும் என்பது அதன் பொருள்.

பங்குக் கோவிலில் ஞானஸ்நானப் புத்தகமும் மரணப் புத்தகமும் தனித்தனியே இருக்கும். டிரைமன் எழுதியது முதலாவது. நூறாண்டு கழித்து அதையே இரண்டாவதாகவும் வாசிக்க வேண்டியதாயிற்று. அதில் பெயர் இருக்கிறது, இடம் இருக்கிறது, பூக்கும் மாதம் இருக்கிறது. அந்த இடத்துக்குப் போனால் செடி இல்லை. 2012-இல் வெளியான இலங்கைத் தேசிய சிவப்புப் பட்டியல், பூக்குந் தாவரங்களில் 1,300-க்கு மேற்பட்டவை அழியும் அபாயத்தில் உள்ளன என்றும், 170-க்கு மேற்பட்டவை அழிந்தே போயிருக்கலாம் என்றும் கூறியது. காணாமற் போனதை அறிய, முன்பு இருந்தது எது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைத் தெரிவித்தது டிரைமன் நூலும் பேராதனையில் பாதுகாக்கப்படும் உலர் செடிகளுமே.

அவர் நூலையே அடிப்படையாக வைத்துப் பேராசிரியர் தசநாயக்கவும் அமெரிக்க அறிஞர் ஃபொஸ்பெர்க்கும் தொடங்கிய திருத்திய பதிப்பு 1980 முதல் 2006 வரை பதினைந்து பாகங்களாக வெளிவந்தது. கடலுக்கு அப்பால் தமிழ்நாட்டில் இதே வேலையைச் செய்தவர் நம்மவரான ஒரு குரு என்பதையும் சொல்லாமல் விட மனமில்லை. திருச்சி புனித சூசையப்பர் கல்லூரியில் 1967-இல் ராபினாட் உலர் தாவரகத்தை நிறுவி, தமிழகச் சமவெளிகளின் செடிகளையும் பழனி மலைச் செடிகளையும் பெருநூல்களாக எழுதியவர் யேசு சபைக் குரு கே. எம். மத்தேயு. 2004-இல் மறைந்த அவருடைய வரலாற்றை வேறொரு வாரம் பார்ப்போம்.

அழிந்தவை என்று எழுதப்பட்டவை எல்லாம் அழிந்துவிடவில்லை. பழைய நூல்களில் பெயர் மட்டும் மிஞ்சியிருந்த குரூடியா சைலானிக்கா என்னும் அவரைக் குடும்பத்து மரம் 2012-ஆம் ஆண்டுப் பட்டியலில் அற்றுப்போனதாகக் கொள்ளப்பட்டது. 2019-இல் கம்பஹா மாவட்டம் தரலுவையில், தெருவோரத்தில், ஒரே ஒரு மரம் நிற்பது தெரியவந்தது. நாள்தோறும் ஆட்கள் கடந்து போகும் இடம் அது. பழைய விவரிப்போடு பூவையும் காயையும் ஒப்பிட்டு இன்னது என்று உறுதி செய்தார்கள். 2021-இல் நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப் போகிறார்கள் என்ற செய்தி பரவியது. நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. மரம் அன்று வெட்டப்படவில்லை.